ஜெர்சி கலப்பு மாட்டின் உடம்பைப் பார்த்துக் கறவையைக் கணிப்பது எப்படி?

உடனே மடிக்குக் கீழே குனிய வேண்டாம். முதலில் பத்தடி தள்ளி நின்று, மாட்டைப் பக்கவாட்டில் பாருங்கள். நல்ல கறவை மாடு முன்னால் ஒடுங்கி, பின்னால் ஆழமாகி, ஆப்பு மாதிரி இருக்கும். மேலிருந்து பார்த்தாலும் தோள்மேட்டிலிருந்து இடுப்பெலும்பு நோக்கி விரிய வேண்டும். தொடையின் உள்பக்கம் சதை திரண்டு மடியை நெருக்கினால், தின்ற தீனி சதையாகிறது என்று அர்த்தம்.

எலும்பு தெரிகிற மாடெல்லாம் கறவை மாடு இல்லை. பட்டினி மாட்டுக்கும் விலா தெரியும். ஆனால் மயிர் சிலிர்த்து, தோல் விலாவோடு ஒட்டியிருக்கும். கறவை மாட்டின் தோல் மெல்லிசாக, பிடித்து இழுத்துவிட்டால் சட்டென்று திரும்பும். வயிறு அகன்றிருக்கும். கடைசி விலாக்களுக்கு நடுவே இரண்டு, மூன்று விரல் பதியும்.

அடுத்து அளவு. தையல் டேப் 60 அங்குலம்தான், மார்புக்குப் பத்தாது. இரும்பு டேப்பின் சத்தத்துக்கு மாடு மிரளும். சணல் கயிறே நல்லது: முன்னங்காலுக்கு ஒட்டினாற்போல் பின்னால் சுற்றி, முடிச்சுப் போட்டு, பிறகு கயிற்றை அளங்கள். மாடு சமதரையில் நான்கு காலும் ஊன்றி நிற்கட்டும். நீளம், தோள்முனையிலிருந்து பிட்ட எலும்பு வரை. சுற்றளவு × சுற்றளவு × நீளம் ÷ 660 என்றால் எடை கிலோவில் வரும். 66 அங்குலச் சுற்றளவு, 54 அங்குல நீளம் உள்ள மாடு சுமார் 356 கிலோ. தீவனக் கணக்குக்கும் குடற்புழு மருந்து அளவுக்கும் இதே எண் உதவும்.

இனி மடி. ஒரு லிட்டர் பால் சுரக்க 400 முதல் 500 லிட்டர் இரத்தம் மடி வழியே ஓட வேண்டும். வயிற்றடியில் பால் நரம்பு தடித்து வளைந்து ஓடுவதைப் பார்ப்பது அதனால்தான். ஆனாலும் நரம்பை மட்டும் நம்பி விலை பேசாதீர்கள். மடியின் அடிப்பகுதி பின்னங்கால் முட்டிக்கு மேலே நிற்க வேண்டும். முன்மடி வயிற்றோடு இழைந்து சேர வேண்டும்.

சந்தையில் ஒரு வேளைப் பாலைக் கறக்காமல் விட்டே மடியைப் பெரிதாகக் காட்டுவார்கள். அதனால் கறந்த பிறகு தொட்டுப் பாருங்கள். பால் மடி காலிப் பைபோலச் சுருங்கும். சதை மடி கறந்த பின்னும் அப்படியே நிற்கும். ஒரு பக்கம் மட்டும் கெட்டியாக இருந்தால் பழைய மடிநோய். முதல் பீச்சலைக் கறுப்புத் துணியில் விட்டால் பாலில் உள்ள திரி (சிறு கட்டிகள்) தெரிந்துவிடும்.

கடைசியில் மூன்று வேளை தொடர்ந்து கறக்கச் சொல்லுங்கள். முதல் வேளையைத் தள்ளிவிட்டு, அடுத்த இரண்டையும் கூட்டினால் ஒருநாள் கறவை. லிட்டர் படியில் நுரையும் சேரும், தராசில் நிறுங்கள். ஒரு லிட்டர் 1.03 கிலோ.

பின்சேர்க்கை: தலைச்சன் கிடேரிக்கு (முதல் கன்று ஈனும் மாட்டுக்கு) இது பொருந்துமா என்று பலர் கேட்கிறார்கள். பால் நரம்பு ஈத்துக்கு ஈத்துத்தான் தடிக்கும். கிடேரியில் மெலிந்திருந்தால் கழிக்க வேண்டாம். பின்மடி உயரமாகவும் அகலமாகவும் சேர்ந்திருக்கிறதா, நான்கு காம்பும் சீரான இடைவெளியில் இருக்கிறதா என்று பாருங்கள். தாய்மாடு அதே கொட்டிலில் இருந்தால் அதன் கறவையையும் தராசில் நிறுத்துப் பாருங்கள்.