சுவரில் பச்சை பிடித்த சதங்கள்

இலங்கையின் மட்டக்களப்பில், கல்லடியில் எங்கள் வீடு. கடல் காற்றும் வாவிக் காற்றும் சேர்ந்தே வரும். அப்பப்பாவின் பெட்டியில் கிடந்த சதுர ஐந்து சதம், நெளிவிளிம்புப் பத்துச் சதம் போன்ற பழைய நாணயங்கள், சுதந்திரப் பொன்விழாவுக்கு 1998இல் வந்த 200 ரூபாய் பொலிமர் தாள் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு விறாந்தைச் சுவரில் மாட்டினேன்.

சில மாதத்தில் சதங்களில் பச்சைப் பிசுக்கு. ஒன்றைப் புளி போட்டுத் தேய்த்தேன்; பளபளத்தது, பழமை போய்விட்டது. மடத்தனம்!

குற்றவாளி நான் போட்ட அந்த உறைதான்; அது பிவிசி என்ற பிளாஸ்டிக். மற்றச் சதங்களைத் தூய அசிட்டோன் என்ற கரைப்பானில், சன்னலைத் திறந்துவைத்து, ஊறவைத்தேன்; தேய்க்கவில்லை. பிசுக்கு கரைந்தது. பொலிமர் தாளுக்கு அசிட்டோன் கூடவே கூடாது. அப்புறம் பொலியெஸ்டர் உறை, பின்னால் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல், வெயில் படாத உள்சுவர். மொத்தம் இருந்த நாற்பதில் ஒன்பதை மட்டுமே திரும்ப மாட்டினேன். மிச்சம் பெட்டியில்.