சிறிய சமையலறைக்கு மைக்ரோவேவ்: லிட்டரைக் கேட்குமுன் சுவரை அளந்துகொள்ளுங்கள்

கும்பகோணத்தில், மகாமகக் குளத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஒரு பழைய வீட்டின் மாடிப் போர்ஷனில் குடியிருக்கிறோம். சமையலறை ஆறடிக்கு ஏழடி. ஒரு பக்கம் மேடை, எதிர்ப்பக்கம் ஃபிரிட்ஜ். இரண்டாவது ஆள் உள்ளே வர வேண்டுமென்றால் முதல் ஆள் வெளியே வர வேண்டும். இந்த அறைக்குத்தான் நான் தள்ளுபடி விலையில் மயங்கி, இடத்தை அளக்காமல், 28 லிட்டர் கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ் ஒன்றை வாங்கினேன். பதினொரு நாள் அது கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் அட்டைப்பெட்டியைவிட்டு வெளியே வராமலே இருந்தது. பிறகு திருவையாற்றுப் பக்கம் கிராமத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்கு அதை அனுப்பிவிட்டு, 20 லிட்டர் சோலோ ஒன்றை வாங்கினேன். அதுவும் முதல் வாரம் என்னைப் படுத்தியது. அந்த இரண்டு தவறுகளிலிருந்தும் தேறியதை, புதிதாக வாங்குபவர்களுக்காக வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

முதற்படி: எதற்கு வாங்குகிறீர்கள் என்று முடிவுசெய்யுங்கள்

இதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. சோலோ என்பது சூடாக்கும், வேகவைக்கும். கிரில் மேற்பரப்பைச் சிவக்க வைக்கும். கன்வெக்‌ஷன் கேக்கும் பிஸ்கட்டும் சுடும். மதியம் வைத்த சாம்பாரையும் கூட்டையும் இரவில் சூடாக்கவும், உருளைக்கிழங்கு வேகவைக்கவும், எண்ணெயில்லாமல் அப்பளம் பொரிக்கவும்தான் பயன்படப்போகிறது என்றால் சோலோவே போதும். கடைக்காரர் கன்வெக்‌ஷனின் பெருமைகளைச் சொல்லும்போது, சென்ற ஆண்டு நீங்கள் எத்தனை முறை கேக் செய்தீர்கள் என்று உங்களையே ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். கன்வெக்‌ஷன் வகை உருவத்தில் பெரியது மட்டுமன்று, சூடும் அதிகம் கக்கும். காற்றோட்டமில்லாத சிறிய அறையில் மே மாதத்தில் அதன் பக்கத்தில் நிற்பது வேதனை.

இரண்டாம் படி: இடத்தை அளப்பது

என்னைக் கவிழ்த்த படி இதுதான் என்பதால் சற்று நின்று சொல்கிறேன்.

இருபது லிட்டர் அடுப்பு ஏறத்தாழ 44 முதல் 46 செ.மீ. அகலமும், 33 முதல் 36 செ.மீ. ஆழமும், 26 செ.மீ. உயரமும் இருக்கும். நம் பழைய வீடுகளில் சுவரில் பதித்த கடப்பைக்கல் அலமாரி பெரும்பாலும் பன்னிரண்டு அங்குலமோ பதினைந்து அங்குலமோதான் ஆழம். அதாவது 30 செ.மீ. அல்லது 38 செ.மீ. பதினைந்து அங்குலத்தில் அடுப்பு உட்கார்ந்துவிடும் என்று கணக்குப் போட்டால் அது பாதிக் கணக்குதான். அடுப்புக்குப் பின்னால் சூடான காற்று வெளியேற இடம் வேண்டும், மேலேயும் வேண்டும். பொதுவாகப் பின்புறமும் பக்கவாட்டிலும் 10 செ.மீ. அளவும், மேலே 20 செ.மீ.க்குக் குறையாமலும் விடச் சொல்வார்கள். நீங்கள் வாங்கும் மாடலின் கையேட்டில் இருக்கும் எண்ணே இறுதியானது. அந்தக் கையேடு பெரும்பாலும் நிறுவனத்தின் இணையதளத்திலேயே கிடைக்கும் என்பதால், பணம் கட்டுவதற்கு முன்பே அந்த ஒரு பக்கத்தைப் படித்துவிடலாம்.

அடுத்தது கதவு. கடைகளில் நான் பார்த்த மைக்ரோவேவ்கள் அனைத்திலும் கீல் இடப்பக்கம், பட்டன்களும் குமிழும் வலப்பக்கம். ஆகவே கதவு இடப்பக்கமாகத் திறக்கும். நான் மேடையின் இடது மூலையில், சுவரை ஒட்டி, அடுப்பை அழகாகப் பொருத்தி வைத்தேன். கதவைத் திறந்தபோது அதன் கைப்பிடி சுவரில் போய் இடித்து, கதவு முக்கால்வாசியோடு நின்றுவிட்டது. உள்ளே இருந்த கண்ணாடித் தட்டு வெளியே வரவில்லை. சாம்பார்க் கிண்ணத்தைச் சாய்த்துத்தான் எடுக்க முடிந்தது. சாய்த்ததில் கொஞ்சம் சாம்பார் தட்டின் அடியிலுள்ள சக்கர வளையத்துக்குள் போனது. அதைத் துடைக்கத் தட்டை எடுக்க வேண்டும், தட்டோ வரமாட்டேன் என்கிறது. கடைசியில் பதினோரு கிலோ அடுப்பை முன்னால் இழுத்துவைத்துத்தான் துடைத்தேன். இடப்பக்கம் சுவர் இருந்தால் கதவு தொண்ணூறு பாகைக்கு மேல் திறக்கும் அளவுக்கு இடைவெளி விடுங்கள், அல்லது வலப்பக்க மூலைக்கு மாற்றிவிடுங்கள். நான் மாற்றிவிட்டேன்.

டேப்பால் மட்டும் அளந்து நம்பாதீர்கள். பழைய அட்டைப்பெட்டி ஒன்றை வெட்டி ஒட்டி, வாங்கப்போகும் மாடலின் அளவுக்கே செய்து, உத்தேசித்த இடத்தில் இரண்டு நாள் வைத்துப் பாருங்கள். நான் இரண்டாவது முறை அப்படித்தான் செய்தேன். முதல் நாள் மிக்ஸி ஜாரை எடுக்கும்போதெல்லாம் முழங்கை பெட்டியில் இடித்தது. நான்கு விரற்கடை தள்ளி வைத்ததும் சரியாயிற்று. இரண்டாம் நாள் காலையில் பார்த்தால் அம்மா அந்தப் பெட்டியின் மேல் மாவடு ஜாடியையும் உப்பு மரவையையும் வைத்துவிட்டார். சிறிய சமையலறையில் தட்டையான இடம் எது தென்பட்டாலும் அதன் மேல் ஏதாவது ஏறிவிடும். ஆனால் பல மாடல்களில் காற்றுத் துளைகள் மேல்புறத்திலும் இருக்கின்றன. அடுப்பின் மேல் எதையும் வைக்கக் கூடாது என்பதை வீட்டாரோடு முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். அல்லது துளைகள் பின்புறமும் பக்கவாட்டிலும் மட்டுமே உள்ள மாடலைத் தேடுங்கள்.

மூன்றாம் படி: பிளக்கும் மின்சாரமும்

பெட்டியின் மேல் 700 வாட் என்று பெரிதாகப் போட்டிருப்பது உணவுக்குப் போய்ச்சேரும் வெளியீடு. சுவரிலிருந்து அடுப்பு இழுப்பது அதைவிட அதிகம். சோலோ வகையில் சுமார் 1,050 முதல் 1,200 வாட். 230 வோல்ட்டில் இது ஏறக்குறைய 5 ஆம்பியர். கன்வெக்‌ஷன் என்றால் இருமடங்கு வரை போகலாம். பல மாடல்களில் தடித்த மூன்று முள் கொண்ட 16 ஆம்பியர் பிளக் வருகிறது. பழைய வீட்டு மேடையில் இருப்பதோ மிக்ஸிக்குப் போட்ட 6 ஆம்பியர் சாக்கெட். இரண்டையும் இணைக்கக் கடையில் கன்வர்ட்டர் ஒன்று தருவார்கள். அதை வாங்காதீர்கள். எங்கள் வீட்டில் நான்கே நாளில் அந்தக் கன்வர்ட்டரின் ஒரு முள்ளைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் வட்டம் விழுந்து, தொட்டால் சுட்டது. எலக்ட்ரீஷியனை அழைத்து, மெயின் போர்டிலிருந்து தனியாக 2.5 சதுர மி.மீ. செம்பு வயர் இழுத்து, 16 ஆம்பியர் சாக்கெட்டும், மின்சுமை மிகுந்தால் தானே துண்டித்துவிடும் எம்சிபி சுவிட்ச் ஒன்றும் தனியாகப் போடச் சொல்லுங்கள். எர்த் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று அவரையே சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் மூன்றாவது துளை வெறும் அலங்காரமாக இருப்பதுண்டு. அடுப்போடு வரும் வயர் நீளம் குறைவு, எக்ஸ்டென்ஷன் பெட்டியும் கூடாது. எனவே அடுப்பின் இடத்தை முடிவுசெய்த பிறகே சாக்கெட்டின் இடத்தை முடிவுசெய்ய வேண்டும்.

கிராமத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12ஆம் தேதியன்று திறக்கப்படாத ஆண்டுகளில் குறுவை நெல்லுக்கு ஆழ்குழாய் மோட்டாரே கதி. அதே டிரான்ஸ்பார்மரில் வீடுகளும் இருந்தால் வோல்டேஜ் தணிந்துவிடும். அக்கா வீட்டில், “மத்தியானம் ரெண்டு நிமிஷத்துல சூடாகுற குழம்பு சாயங்காலம் ஆக மாட்டேங்குது, இந்த மிஷினே கோளாறுதான்” என்று அத்தான் சாதித்துக்கொண்டிருந்தார். நாங்கள் சோதித்த முறை எளிது. கண்ணாடிப் பாத்திரத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் எடுத்து, வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, முழு சக்தியில் சரியாக 2 நிமிடம் ஓட்டி, கலக்கிவிட்டு மறுபடியும் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை பாகை ஏறியதோ அதை 35ஆல் பெருக்கினால் வருவதுதான், ஏறக்குறைய, உங்கள் அடுப்பு அந்த நேரத்தில் உண்மையாகக் கொடுக்கும் வாட். 700 வாட் என்றால் 20 பாகை ஏற வேண்டும். அக்கா வீட்டு அடுப்பு 800 வாட். நண்பகலில் 22 பாகை ஏறியது, மாலை ஏழு மணிக்கு 16தான். அடுப்பில் கோளாறு இல்லை. (காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது, அதன் அளவு 42 பாகையோடு முடிந்துவிடும். சமையல் தெர்மாமீட்டர் வேண்டும்.) ஸ்டெபிலைசர் வாங்குவதானால் அடுப்பு இழுக்கும் வாட்டைவிடத் தாராளமாகத் தாங்குவதாக வாங்குங்கள், ஃபிரிட்ஜுக்கு வாங்கிய சிறிய ஸ்டெபிலைசரில் இதைச் செருகக் கூடாது. மின்தடையின்போது விளக்கும் விசிறியும் ஓட்டும் சாதாரண இன்வெர்ட்டரிலும் ஓட்டக் கூடாது.

மின்கட்டணம் பற்றிய அச்சம் தேவையற்றது. நாளைக்கு இருபது நிமிடம் ஓடினால் இரண்டு மாதப் பில்லில் ஏறத்தாழ 22 யூனிட் கூடும்.

நான்காம் படி: லிட்டரும் தட்டும்

இப்போதுதான் லிட்டருக்கு வருகிறோம். மூன்று நான்கு பேருக்கு 20 லிட்டர் போதும். ஆனால் லிட்டரைவிட முக்கியமானது சுழலும் கண்ணாடித் தட்டின் விட்டம்; இந்த அளவில் அது சுமார் 24 அல்லது 25 செ.மீ. இருக்கும். சதுரமான பாத்திரமோ, இரண்டு பக்கமும் காது வைத்த பாத்திரமோ சுழலும்போது மூலை இடித்து நின்றுவிடும். வழக்கமாகப் பயன்படுத்தப்போகும் கிண்ணத்தைக் கடைக்கே எடுத்துச் சென்று உள்ளே வைத்துப் பாருங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

அப்படி எடுத்துச் செல்ல வீட்டில் ஒன்றுமே இல்லை என்பதை அப்போதுதான் கண்டேன். கும்பகோணத்து வீட்டில் பாத்திரம் என்றால் எவர்சில்வரும் பித்தளையும்தான். உலோகம் எதுவும் உள்ளே போகக் கூடாது, பொறி பறக்கும். ரசம் வைக்கும் ஈயச்சொம்பை மறந்தும் வைத்துவிடாதீர்கள். தங்க விளிம்பு போட்ட பீங்கானும் உலோகமே. ஆகவே அடுப்பின் விலையோடு, மூடியுள்ள வட்டமான, சூடு தாங்கும் போரோசிலிகேட் கண்ணாடிக் கிண்ணங்கள் இரண்டு மூன்றின் விலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உலோகமல்லாத, ஆனால் சந்தேகமான பாத்திரத்தைச் சோதிக்க, அதைக் காலியாக உள்ளே வைத்து, பக்கத்தில் ஒரு கண்ணாடித் தம்ளர் நிறையத் தண்ணீரும் வைத்து ஒரு நிமிடம் ஓட்டுங்கள். தண்ணீர் சூடாகிப் பாத்திரம் குளிர்ந்திருந்தால் அது ஏற்றது. பாத்திரம் சுட்டால் ஒதுக்கிவிடுங்கள்.

ஐந்தாம் படி: குமிழா, தொடுபட்டனா

என் ஓட்டு இரட்டைக் குமிழுக்கே. அம்மாவுக்குக் கண்ணாடி போடாமலே இயக்க முடிகிறது. மின்சாரம் போய் வந்தால் கடிகாரத்தைச் சரிசெய்ய வேண்டியதில்லை. பலகையில் பிசுக்கு ஏறினாலும் வேலை செய்கிறது. குறைந்த நேரத்துக்கு மட்டும் குமிழ் துல்லியமாக நிற்காது. 40 விநாடி வேண்டுமென்றால் இரண்டு நிமிடத்தைத் தாண்டித் திருப்பி, பிறகு பின்னால் கொண்டுவாருங்கள்.

வாங்குமுன் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். பின்புறத்திலோ பக்கத்திலோ ஒட்டியுள்ள பட்டையில் இந்தியத் தரநிலைகள் அமைப்பின் முத்திரையும் பதிவெண்ணும் இருக்க வேண்டும். மைக்ரோவேவ் அடுப்புக்கு இந்தப் பதிவு கட்டாயம். மற்றொன்று, பழுதுபார்ப்பவர் எங்கிருந்து வருவார் என்பது. தஞ்சாவூரிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வர வேண்டுமானால் எத்தனை நாளாகும் என்று கேட்டு, முடிந்தால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் முதல் அடுப்புக்குச் செயல்முறை காட்ட “நாளைக்கு வருவார்” என்றவர் ஒன்பதாம் நாள் வந்தார். உள்ளூர் ரேடியோக் கடையில் திறந்து பார்க்கச் சொல்லாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளிருக்கும் கெப்பாசிட்டரில் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

பிற்சேர்க்கை

இதைப் படித்த சிலர் கேட்டவற்றை இங்கே சேர்க்கிறேன்.

மன்னார்குடியிலிருந்து ஒருவர், குமிழ் அடுப்பு காலியாகவே ஓடுகிறது என்று எழுதியிருந்தார். உண்மைதான், நான் சொல்லத் தவறிவிட்டேன். நேரம் முடியுமுன் கதவைத் திறந்து கிண்ணத்தை எடுத்துவிட்டு மறுபடி மூடினால், குமிழ் வகைகள் பலவற்றில் மீதி நேரம் தானாகவே தொடரும். காலியாக ஓடுவது அடுப்புக்குக் கேடு. கிண்ணத்தை எடுத்ததும் குமிழைச் சுழிக்குத் திருப்பிவிட்டுத்தான் கதவை மூட வேண்டும். எங்கள் வீட்டில் எப்போதும் ஒரு தம்ளர் தண்ணீரை உள்ளேயே வைத்துவிடுகிறோம். மறந்தாலும் தண்ணீர்தான் சூடாகும்.

கரப்பான் பூச்சி பற்றி மூவர் கேட்டிருக்கிறார்கள். அடுப்பின் கதகதப்பைத் தேடிக் காற்றுத் துளை வழியே அவை போவது உண்மை. துணி அடைத்துத் துளையை மூடாதீர்கள். சுவரை ஒட்டிய மேடையில் உணவுத் துணுக்கு தங்காமல் பார்த்துக்கொள்வதும், வாரம் ஒருமுறை கிண்ணத்தில் தண்ணீரும் அரை எலுமிச்சம்பழமும் போட்டு மூன்று நிமிடம் ஓட்டி, அந்த ஆவியிலேயே உட்புறத்தைத் துடைத்துவிடுவதும்தான் நான் கண்ட வழி.

டிகிரி காபிக்குப் பால் காய்ச்சலாமா என்பது ஒருவரின் கேள்வி. காய்ச்சலாம், கிண்ணத்தில் பாதிக்கு மேல் ஊற்றாமல், கதவின் முன்னாலிருந்து நகராமல் நின்றால். நான் ஒருமுறை நகர்ந்தேன். பொங்கிய பால் சக்கர வளையம் வரை போனது. இந்த முறை தட்டு சிரமமில்லாமல் வெளியே வந்தது.