ஈரவை நாடாளுமன்றம் உருவான வரலாறு: முதன்மைத் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குரூப் 1 முதன்மைத் தேர்வுக்குப் புதிதாக எழுதிப் பழகுகிறவர்களின் விடைத்தாள்களில், ஈரவை முறை (நாடாளுமன்றத்தில் கீழவை, மேலவை என இரு அவைகள்) பற்றிய கேள்விக்கு ஒரே வகைத் தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. எழுத்துப்பிழை, ஆண்டு மாறிப்போவது போன்றவை இரண்டாம் வாசிப்பில் சரியாகிவிடும். கீழே உள்ளவை அப்படிச் சரியாகாதவை.

1935 இந்திய அரசுச் சட்டத்தின் அவைகள் செயல்பட்டதாக எழுதுவது

"1919இல் ஈரவை வந்தது, 1935இல் கீழவை 375, மேலவை 260 என விரிந்தது, 1952இல் மாநிலங்களவை ஆனது." கோவையாகத் தெரிந்தாலும் நடுவில் உள்ளது நடக்கவே இல்லை. விடையின் அடித்தளமே அதில் சரிந்துவிடுகிறது. நல்ல குறிப்பேடுகளில்கூட இது இன்னும் இருப்பதுதான் எரிச்சல்.

அந்த 260இல் 104 இடங்கள் சமஸ்தானங்களுக்கு. அவற்றில் 52 இடங்களுக்காவது உரிய சமஸ்தானங்கள், அதுவும் மொத்த சமஸ்தான மக்கள்தொகையில் பாதியையாவது கொண்டவை, இணைய ஒப்பினால்தான் கூட்டாட்சி தொடங்கும் என்பது நிபந்தனை. அவை ஒப்பவில்லை. 1939இல் போர் மூண்டதும் பேச்சுவார்த்தை நிறுத்தப்பட்டது. ஆகவே 1921இல் கூடத் தொடங்கிய, 1919 சட்டத்தின் இரு அவைகளே மத்தியில் 1947 வரை நீடித்தன. 3 ஆண்டுக் காலத்துக்கு 1934இல் தேர்வான கீழவை, நீட்டிப்பு மேல் நீட்டிப்பாக 1945 வரை இருந்தது. இந்த ஒரு தகவலை எழுதினாலே விஷயம் புரிந்தவர் என்று தெரிந்துவிடும்.

குழப்பம் மாகாணங்களிலிருந்து வருகிறது. 1935 சட்டத்தின் மாகாணப் பகுதி 1937இல் நடைமுறைக்கு வந்தது. சென்னை உள்பட 6 மாகாணங்களில் ஈரவை அமைந்தது. அதை மத்திய அரசின் மேல் ஏற்றிவிடுகிறார்கள்.

1935 திட்டத்தைக் குறிப்பிடவே கூடாது என்பதில்லை. "முன்மொழியப்பட்டது, நடைமுறைக்கு வரவில்லை" என்று எழுதுங்கள். கலைக்கப்படாத மேலவை, மூன்றில் ஒரு பங்கினர் சுழற்சியாக ஓய்வு பெறுதல் ஆகியவை அதிலேயே உண்டு. ஆனால் மேலவைக்கு நேரடித் தேர்தல், கீழவைக்கு மறைமுகத் தேர்தல் என்றது அந்தத் திட்டம். இன்றைய முறை நேர் எதிர்.

1947–52 இடைவெளியை விட்டுவிடுவது

அந்த ஆண்டுகளில் மத்தியில் ஓரவைதான்: முதலில் அரசியல் நிர்ணய சபை, 1950 முதல் இடைக்கால நாடாளுமன்றம். மாநிலங்களவை 1952 ஏப்ரல் 3இல் அமைக்கப்பட்டு, மே 13இல் முதன்முறை கூடியது.

மாநிலங்களவை அமெரிக்க மேலவையான செனட்டின் நகல் என்பது

அங்கே மாநிலத்துக்கு 2 பேர், பெரியது சிறியது பேதமில்லை. இங்கே அரசியலமைப்பின் 4ஆம் அட்டவணைப்படி உத்தரப் பிரதேசத்துக்கு 31, தமிழ்நாட்டுக்கு 18, சிக்கிமுக்கு 1.

மாநிலங்களவை உறுப்பினரின் 6 ஆண்டுப் பதவிக்காலத்துக்கு அரசியலமைப்பைக் காட்டுவது

அது 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 154.

நோக்கத்தைப் பாதி சொல்வது

"அவசரச் சட்டமியற்றலைத் தடுக்க" என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். 1947 ஜூலை 28 அன்று அரசியல் நிர்ணய சபையில் இரண்டாவது அவைக்காக வாதாடிய என். கோபாலசாமி ஐயங்கார் சொன்னது அதைவிட நுணுக்கமானது: உணர்ச்சிவேகத்தில் வரும் சட்டத்தை, அந்த வேகம் தணியும்வரை தாமதப்படுத்தலாம், சட்டமியற்றலுக்கோ நிர்வாகத்துக்கோ முட்டுக்கட்டையாகிவிடக் கூடாது. இரண்டாம் பாதியையும் எழுதினால்தான், பண மசோதாவை மாநிலங்களவை 14 நாளுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும் என்ற விதிக்குக் காரணம் சொல்ல முடியும்.