ஜப்பானிய மொழியின் முதல் வகுப்பு: புதிய ஆசிரியர்களுக்கான செய்முறை

1982இல் மலேசிய அரசு கிழக்கு நோக்கும் கொள்கையை அறிவித்த காலந்தொட்டு, ஜப்பானிய மொழி கற்கும் ஆர்வம் இந்நாட்டில் இருந்து வருகிறது. பினாங்கில் இம்மொழி கற்க வரும் நம் பிள்ளைகள் தமிழ், மலாய், ஆங்கிலம் ஆகிய மூன்றிலும் ஓரளவேனும் புழங்குபவர்கள். அப்படிப்பட்டவர்களை எழுத்து அட்டவணையின் முன் உட்கார வைத்துச் சலிப்பூட்டாமல், முதல் ஒரு மணி நேரத்திலேயே பேச வைக்கும் வழி இது.

படி 1: சொற்களைக் குறைத்துக்கொள்ளுங்கள்

பத்துச் சொற்கள் போதும். எழு, உட்கார், நட, நில் என நான்கு கட்டளைகள். மிஸு (தண்ணீர்), ஓச்சா (தேநீர்), கோஹீ (கோப்பி). வதஷி (நான்), நானி (என்ன), நொமிமஸ் (குடித்தல்).

படி 2: முதலில் கேட்கட்டும்

“தத்தே குதஸாய்” என்று சொல்லிக்கொண்டே நீங்கள் எழுங்கள். “ஸுவத்தே குதஸாய்” என்று சொல்லி அமருங்கள். மாணவர்கள் வாய் திறக்காமல் உங்களோடு சேர்ந்து செய்தால் போதும். உடலசைவோடு மொழியை இணைக்கும் இம்முறையை 1960களில் வளர்த்தெடுத்த அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர், தம் தொடக்ககால ஆய்வுகளில் ஜப்பானிய மொழியையும் பயன்படுத்தினார். சில சுற்றுகளுக்குப் பின் நீங்கள் அசையாமல் கட்டளையை மட்டும் சொல்லுங்கள், வரிசையையும் மாற்றுங்கள். பக்கத்தில் இருப்பவரை ஓரக்கண்ணால் பார்த்து எழுபவர்கள் எப்போதும் சிலர் இருப்பார்கள். கண்ணை மூடச் சொன்னால் யாருக்குப் புரிந்தது என்பது உடனே வெளிப்பட்டுவிடும்.

படி 3: தமிழைத் துணைக்கு அழையுங்கள்

வெண்பலகையில் இவ்விரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள்:

வதஷி வா – ஓச்சா ஓ – நொமிமஸ்
நான் – தேநீரை – குடிக்கிறேன்

ஆங்கிலத்திலும் மலாயிலும் வினைச்சொல் நடுவில் வருவதால், அவற்றின் வழியாக விளக்கினால் மாணவர்கள் தடுமாறுவார்கள். தமிழில் வரிசை அப்படியே பொருந்துகிறது. “வா” என்னும் இடைச்சொல் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைக் காட்டுகிறது; “ஓ” என்னும் இடைச்சொல் நம் இரண்டாம் வேற்றுமை உருபின் (ஐ) வேலையைச் செய்கிறது. நான், அவள், அவர்கள் என யார் குடித்தாலும் நொமிமஸ் மாறாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். வகுப்பில் தாய்மொழி பேசக் கூடாது என்று கண்டிப்புக் காட்டும் ஆசிரியர்கள் இந்த வசதியை வீணே இழக்கிறார்கள் என்பது என் கருத்து.

படி 4: கேட்டே ஆக வேண்டிய நிலையை உருவாக்குங்கள்

இருவர் இருவராகப் பிரித்து, ஆளுக்கோர் அட்டை கொடுங்கள். ஒருவர் அட்டையில் மூவர் என்ன குடிக்கிறார்கள் என்றும், மற்றவர் அட்டையில் வேறு மூவர் என்ன குடிக்கிறார்கள் என்றும் இருக்க வேண்டும். “கவிதா-ஸன் வா நானி ஓ நொமிமஸ் கா?” (கவிதா என்ன குடிக்கிறார்? ‘ஸன்’ மரியாதைக்கு, ‘கா’ கேள்விக்கு) என்று கேட்டால்தான் வெற்றிடம் நிரம்பும். அட்டையை எட்டிப் பார்க்க விடாதீர்கள். பார்த்துவிட்டால் பேசத் தேவையே இராது. பேசும்போது குறுக்கிட்டுத் திருத்தாமல், பரவலாகக் காணும் இரண்டு பிழைகளை மட்டும் குறித்துக்கொண்டு இறுதியில் பலகையில் திருத்துங்கள். பெரும்பாலும் “ஓ” விடுபட்டிருக்கும்.

படி 5: மறப்பதற்கு இடைவெளி விடாதீர்கள்

கற்றது தொடக்கத்தில்தான் வேகமாக மறக்கிறது என்று ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885லேயே காட்டியிருக்கிறார். ஆகவே அடுத்த வகுப்பை வெற்றுத்தாளோடு தொடங்கி, குறிப்பேட்டைப் பார்க்காமல் நினைவிலிருக்கும் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அதன்பின் ஜப்பானியத்தின் அடிப்படை எழுத்து வகையான ஹிரகனாவைத் தொடங்கலாம்; 46 அடிப்படை எழுத்துகளையும் வரிசையாக ஒப்பிக்க வைக்காமல், மிஸு என்னும் சொல்லுக்கு வேண்டிய இரண்டு எழுத்துகளிலிருந்து தொடங்குங்கள். கோஹீ பிறமொழிச் சொற்களுக்கான கதகனா எழுத்தில் எழுதப்படுவதால் அதைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம்.