இங்கிலீஷில் அட்ஜெக்டிவ் ஃப்ரேஸ்: பெயருக்கு முன்னாலா, பின்னாலா?

தமிழில் ஒரு பெயர்ச்சொல்லைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எல்லாம் அதற்கு முன்னால்தான் வந்து உட்காரும். "தண்ணீர் நிறைந்த வாளி", "நாயைக் கண்டால் பயப்படுகிற பையன்" என்று போய்க்கொண்டே இருக்கும், யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பது கடைசியில்தான் தெரியும். இந்தப் பழக்கத்தோடு இங்கிலீஷுக்குப் போனால் "எ ஃபுல் ஆஃப் வாட்டர் பக்கெட்" என்றுதான் வாயில் வரும்.

இங்கிலீஷில் அட்ஜெக்டிவ் (பெயரின் தன்மையைச் சொல்லும் சொல்; கூட வரும் சொற்களோடு சேர்ந்தால் அட்ஜெக்டிவ் ஃப்ரேஸ்) தனியாகவோ, 'வெரி', 'ரியலி' மாதிரி ஒரு சொல்லை முன்னால் வைத்துக்கொண்டோ வந்தால் பெயருக்கு முன்னால் போடலாம். "எ வெரி ஹாட் டே", அவ்வளவுதான். ஆனால் அட்ஜெக்டிவுக்குப் பின்னால் 'ஆஃப் வாட்டர்', 'ஆஃப் டாக்ஸ்' என்று ஒரு வால் முளைத்துவிட்டால் மொத்தத்தையும் தூக்கிப் பெயருக்குப் பின்னால் வைக்க வேண்டும்: "எ பக்கெட் ஃபுல் ஆஃப் வாட்டர்", "எ பாய் அஃப்ரெய்ட் ஆஃப் டாக்ஸ்". பேச்சில் இன்னும் சுலபமான வழி, 'இஸ்', 'லுக்ஸ்', 'ஃபீல்ஸ்' மாதிரி ஒரு வினையைப் போட்டு "ஹி இஸ் அஃப்ரெய்ட் ஆஃப் டாக்ஸ்" என்று முடித்துவிடுவது. தினசரிப் பேச்சில் பெரும்பாலும் இப்படித்தான் வரும். 'சம்திங்', 'எனிதிங்' வந்தால் மட்டும் வால் இல்லாத அட்ஜெக்டிவும் பின்னால்தான்: "சம்திங் கோல்ட்".

அந்த வாலின் முதல் சொல்தான் நம்மைப் படுத்தும். நம் வேற்றுமை உருபை அப்படியே கொண்டுபோய் ஒட்டிவிடுகிறோம். என் மேல் கோபம் என்பதால் "ஆங்ரி ஆன் மீ" என்கிறோம், அது "ஆங்ரி வித் மீ". அவரோடு கல்யாணம் என்பதால் "மேரீட் வித் ஹிம்", அது "மேரீட் டு ஹிம்". கணக்கில் கெட்டி என்பதால் "குட் இன் மேத்ஸ்", வழக்கம் "குட் அட் மேத்ஸ்". ஆபீஸில் தினமும் காதில் விழுகிற "சீனியர் தேன் மீ" கூட "சீனியர் டு மீ"தான். இதற்கெல்லாம் காரணம் தேடி உட்கார்ந்தால் விடிந்துவிடும், பேசாமல் 'ஆங்ரி வித்', 'குட் அட்', 'ப்ரௌட் ஆஃப்', 'இன்ட்ரெஸ்டட் இன்' என்று ஜோடி ஜோடியாக மனப்பாடம் செய்துவிடுங்கள், அட்ஜெக்டிவை மட்டும் தனியாகப் படிக்கவே படிக்காதீர்கள்.

அப்புறம் 'டூ'. நமக்கு எல்லாமே 'ரொம்ப'தான், அவர்களுக்கு 'வெரி' வேறு, 'டூ' வேறு. "தி காபி இஸ் வெரி ஹாட்" என்றால் நல்ல சூடு, ஊதி ஊதிக் குடித்துவிடலாம். "தி காபி இஸ் டூ ஹாட் டு டிரிங்க்" என்றால் இப்போதைக்கு வாயில் வைக்க முடியாது. 'இனஃப்' இதற்கு நேர் எதிர் இடத்தில், அட்ஜெக்டிவுக்குப் பின்னால் வரும். இங்கே ஓட்டுப் போட 18 வயது ஆகியிருக்க வேண்டும், 17 வயதுப் பையனைப் பற்றி "ஹி இஸ் நாட் ஓல்ட் இனஃப் டு வோட்" என்போம், 'இனஃப் ஓல்ட்' கிடையாது.

வயது சொல்லும்போது இன்னொன்று. "ஹி இஸ் ஃபைவ் இயர்ஸ் ஓல்ட்" சரி. அதையே பெயருக்கு முன்னால் கொண்டுவந்தால் "எ ஃபைவ்-இயர்-ஓல்ட் பாய்", 'இயர்ஸ்' தன் 'எஸ்'ஸை விட்டுவிடும், நடுவில் ஹைஃபன் வரும்.

'அஸ்லீப்', 'அலைவ்', 'அலோன்' மாதிரிச் சில சொற்கள் வால் இல்லாவிட்டாலும் முன்னால் வராது. "தி பேபி இஸ் அஸ்லீப்" என்று சொல்லலாம், முன்னால் வைக்க வேண்டுமென்றால் "எ ஸ்லீப்பிங் பேபி".

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பழைய பாணி இலக்கணப் புத்தகங்களில் "எ மேன் வித் எ லாங் பியர்ட்" என்பதில் வரும் 'வித் எ லாங் பியர்ட்'டும் அட்ஜெக்டிவ் ஃப்ரேஸ்தான், ஏனென்றால் அது அட்ஜெக்டிவ் செய்கிற வேலையைச் செய்கிறது. புதிய பாணியில் அட்ஜெக்டிவே முக்கியச் சொல்லாக இருந்தால்தான் அட்ஜெக்டிவ் ஃப்ரேஸ் என்ற பெயர், இது 'வித்' என்ற பிரிப்போசிஷனில் தொடங்குவதால் இதை பிரிப்போசிஷனல் ஃப்ரேஸ் என்பார்கள். பரீட்சையில் உங்கள் பாடப்புத்தகம் எந்தக் கட்சியோ அதையே எழுதிவிட்டு வாருங்கள், பேப்பர் திருத்துகிறவரிடம் போய் வாதாட முடியாது.