22 கஜத்தில் ஒன்பது வயது: குட்டிப் பிள்ளைகளுக்கு கிரிக்கெட் சொல்லித்தரும்போது செய்யும் தவறுகள்

ஞாயிறு காலை ஏதாவது ஒரு கோச்சிங் கேம்ப் பக்கம் போய் நின்று பாருங்கள். ஒன்பது வயதுப் பையன் மூச்சுப் பிடித்து ஓடி வந்து பந்து போடுகிறான். பந்து வானத்தைப் பார்த்துக் கிளம்பி, இரண்டு தடவை குத்தி, உருண்டு போய்ச் சேர்கிறது. இல்லாவிட்டால் வைடு. "லைனைப் பாத்துப் போடுடா!" என்று கோச் கத்துகிறார். லைன் என்ன செய்யும்? பிட்ச் 22 கஜம், அதாவது 20 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். அவன் தோளுக்கு அவ்வளவு தூரம் தாங்காது.

எனக்குத் தெரிந்து பெரிய தவறு இந்த முழு நீளப் பிட்ச்தான். எப்படியாவது கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமே என்று பையன் உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்துத் தூக்கிப் போடப் பழகுகிறான். பின்னால் அதைத் திருத்துவது பெரும்பாடு. பேட் பிடித்தவனுக்கும் நஷ்டம். ஒழுங்காகக் குத்தி எழும்பும் பந்தே வராதபோது முன்காலை எங்கே வைப்பது என்று எப்படிக் கற்றுக்கொள்வான்? ஆஸ்திரேலியாவில் சிறுவர் ஆட்டத்தின் முதல் கட்டத்துக்கு 16 மீட்டர் பிட்ச், அணிக்கு 7 பேர். அடுத்த கட்டத்தில் 18 மீட்டர், 9 பேர். இதற்குக் காசு பணம் வேண்டாம். ஒரு பக்க ஸ்டம்பைப் பிடுங்கி நாலு மீட்டர் முன்னால் நட்டால் முடிந்தது.

அடுத்தது பந்து. பெரியவர்கள் ஆடும் பந்து 156 முதல் 163 கிராம். 13 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு கிரிக்கெட் விதியே 133 முதல் 144 கிராம் என்று தனி எடை வைத்திருக்கிறது. அதற்கும் சின்னதுகளுக்கு டென்னிஸ் பந்தே போதும். பயத்தில் பந்தின் பாதையை விட்டு ஸ்கொயர் லெக் பக்கம் ஒதுங்கி ஆடும் பிள்ளைக்கு டெக்னிக் சொல்லி என்ன பயன்?

பேட் விஷயத்தில் குற்றவாளி பெற்றோர்தான். பள்ளிச் சீருடை மாதிரி 'வளர்ற பிள்ளை' என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்கிவிடுகிறார்கள். கைப்பிடியின் மேல்பக்கம் பிடிக்கும் கையால் மட்டும் பேட்டை நேராகத் தூக்கச் சொல்லுங்கள். கை நடுங்கினால் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம். கனமான பேட்டைக் கீழ்க்கைதான் இழுக்கும். எந்தப் பந்தையும் லெக் பக்கம் வாரி அடிப்பான்.

அப்புறம், வேகமாகப் போடும் பையன் கிடைத்துவிட்டால் அவனையே விடாமல் போட வைப்பது. வளரும் வயதில் கீழ்முதுகு எலும்பில் விரிசல் விழுவது வேகப்பந்துக்காரர்களுக்குத் தெரிந்த ஆபத்து. வயதை வைத்து ஓவருக்கு உச்சவரம்பு போடுங்கள். முதுகு வலிக்கிறது என்றால் அன்றைக்குப் பந்தை வாங்கிவிடுங்கள்.

கடைசியாக, முதல் பந்தில் அவுட்டான பிள்ளை. அதிகாலையில் எழுந்து, காலில் பேடு கட்டி, ஒரே பந்தில் எல்லாம் முடிந்து, மீதி நேரம் ஃபைன் லெக்கில் நிற்கிறது. நம் தெருவில் இதற்கெல்லாம் வழி இருந்தது. முதல் பந்து 'ட்ரையல்'. ரொம்பக் குட்டியாக இருந்தால் ஒப்புக்குச் சப்பாணி, அவுட்டே கிடையாது. கேம்பிலும் அப்படி வைக்கலாமே: ஆளுக்கு இத்தனை பந்து என்று பிரித்துக் கொடுத்துவிட்டு, அவுட்டானால் அணியின் ஸ்கோரில் சில ரன்களைக் கழித்துக்கொள்ளுங்கள். பையன் க்ரீஸிலேயே நிற்கட்டும்.