நெகட்டிவ் என்பது விதைநெல்: ராக் கச்சேரிப் படங்களை எடுத்து, காத்து, பிரிண்டாக விற்கும் வழி

1967-ல் சான் பிரான்சிஸ்கோவில் ரோலிங் ஸ்டோன் என்ற இசைப் பத்திரிகை தொடங்கியபோது அதனிடம் பணமில்லை. படமெடுக்க வந்த பாரன் வோல்மன் (Baron Wolman) சம்பளம் கேட்கவில்லை. எடுக்கும் படங்களின் உரிமை தன்னிடமே இருக்க வேண்டும், கூடவே நிறுவனத்தில் கொஞ்சம் பங்கு வேண்டும் என்று மட்டும் பேசி முடித்தார். அங்கே அவர் இருந்தது ஏறக்குறைய மூன்றாண்டுகள்தான். அப்போது எடுத்த ராக் கலைஞர்கள் ஜிமி ஹென்ட்ரிக்ஸ், ஜானிஸ் ஜாப்ளின் ஆகியோரது படங்களின் பிரிண்டுகள் பல பத்தாண்டுகள் கழித்தும் அவர் பெயரில் விற்றன.

நெகட்டிவைக் கொடுத்துவிட்டுக் கூலி வாங்குவது விதைநெல்லைக் குத்தித் தின்பதற்குச் சமம். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த விதைநெல்லைக் காப்பதற்கானவை.

முதல் படி: சிறிய மேடை

பெரிய அரங்கத்துக்கு அனுமதி அட்டை கிடைக்கும் என்று காத்திருக்காதீர்கள். நூறு பேர் நிற்கும் கிளப்பில், யாருக்கும் தெரியாத இசைக்குழுவிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். 1967 ஜூனில் மான்டரே இசை விழாவில் ஹென்ட்ரிக்ஸ் கிட்டாருக்குத் தீ வைத்தபோது, நாற்காலியின் மேல் ஏறி நின்று அதைப் படமெடுத்த எட் காராஃபுக்கு வயது 17.

கேமராவை மேனுவலில் வையுங்கள். லென்ஸ் எஃப் 2.8 அல்லது அதைவிட அகலமாகத் திறக்கட்டும். ஷட்டர் 1/250 நொடி, ஐஎஸ்ஓ 1600 முதல் 6400 வரை, கோப்பு ரா (RAW) வடிவில். பின்னால் எரியும் விளக்குகள் கேமராவை ஏமாற்றும் என்பதால் ஒளியைப் பாடகரின் முகத்தில் அளந்துகொள்ளுங்கள். முழுச் சிவப்பு விளக்கில் முகம் வெறும் சிவப்புத் திட்டாகிவிடும். விளக்கு மாறும் வரை பொறுங்கள், அல்லது அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிவிடுங்கள். பெரிய கச்சேரிகளில் முதல் மூன்று பாடல்களுக்கு மட்டுமே அனுமதி, ஃபிளாஷ் கூடாது என்பது எழுதப்படாத சட்டம். அந்தப் பத்துப் பன்னிரண்டு நிமிடங்களில் மெனுவைத் தேடிக்கொண்டிருந்தால் கதை முடிந்தது.

மேடையையே பார்த்துக்கொண்டும் இருக்காதீர்கள். 1969 ஆகஸ்டில் உட்ஸ்டாக் இசை விழாவில் வோல்மன் கேமராவைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினார்.

இரண்டாம் படி: கையெழுத்துக்கு முன்

கச்சேரி வாசலில் நீட்டப்படும் தாளை நின்றபடியே முழுதாகப் படியுங்கள். அமெரிக்கச் சட்டத்தில் படத்தின் உரிமை பொதுவாக எடுத்தவருக்கே. 'கூலிக்குச் செய்த படைப்பு' என்று ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தாலோ, சம்பள ஊழியராக எடுத்தாலோ அது கைமாறிவிடும். சில தாள்கள் ஒரே ஒரு பத்திரிகையில் ஒரே ஒரு முறை வெளியிட மட்டும் அனுமதிக்கும். அதில் கையெழுத்திட்டுவிட்டுப் பிரிண்ட் விற்க முடியாது. அந்த வரியை அடித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் திரும்பி வந்துவிடலாம் என்பது என் கட்சி. ராக் புகைப்படக்காரர் ஜிம் மார்ஷல் இன்னும் ஒரு படி மேலே போனார்: தடையின்றி உள்ளே போகவிடாவிட்டால் வேலையே வேண்டாம் என்று சொல்லிவந்தார். 1966 ஆகஸ்ட் 29 அன்று சான் பிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க் மைதானத்தில் பீட்டில்ஸின் கடைசிக் கட்டணக் கச்சேரியைப் படமெடுத்தவர் அவர்.

உரிமை உங்களிடம் இருந்தாலும் முகம் பாடகருடையது. எண்ணிட்ட கலைப் பிரிண்ட் விற்பது வேறு, அதே படத்தை டி-ஷர்ட்டில் அச்சிடுவது வேறு. இரண்டாவதற்கு அவருடைய அனுமதி வேண்டும். நாட்டுக்கு நாடு சட்டம் மாறுவதால் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுவது நல்லது.

மூன்றாம் படி: அன்றிரவே குறிப்பு

தேதி, ஊர், அரங்கம், மேடையில் இருந்தவர்கள் பெயர், ஃபிலிம் என்றால் ரோல் எண். தூக்கம் வந்தாலும் எழுதிவிட்டுத் தூங்குங்கள். முப்பது ஆண்டு கழித்து வாங்க வருபவர் முதலில் கேட்பது இதைத்தான்.

தேறாதவை என்று எதையும் எறியாதீர்கள். 1979 செப்டம்பரில் நியூயார்க் பல்லேடியம் அரங்கில் கிளாஷ் குழுவின் பால் சிமனன் தன் பேஸ் கிட்டாரை மேடையில் அடித்து நொறுக்கிய படத்தை, ஃபோகஸ் சரியில்லை என்று அதை எடுத்த பென்னி ஸ்மித்தே ஒதுக்கப் பார்த்தார். குழுவினர் வற்புறுத்தியதால் அது ஆல்பத்தின் அட்டைக்குப் போனது. இன்று ராக் படங்களில் அதைத் தெரியாதவர் குறைவு.

நான்காம் படி: சேமிப்பு

நெகட்டிவுக்குப் பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீன் உறை. பிவிசி கூடவே கூடாது. என் பழைய நெகட்டிவ்கள் சில அந்த உறையோடு ஒட்டிக்கொண்டு பாழாயின. குளிர்ச்சியான, ஈரமில்லாத அலமாரி போதும். வண்ண நெகட்டிவ்கள் சீக்கிரம் மங்குவதால் அவற்றை முதலில் ஸ்கேன் செய்யுங்கள். டிஜிட்டல் கோப்புகளுக்கு மூன்று நகல், அதில் ஒன்று வேறு வீட்டில்.

ஐந்தாம் படி: ஸ்கேனும் பிரிண்டும்

35 மி.மீ. ஃபிலிமில் ஒரு படத்தின் நீளம் 36 மி.மீ., அதாவது சுமார் 1.42 அங்குலம். அங்குலத்துக்கு 4000 புள்ளிகள் வீதம் ஸ்கேன் செய்தால் நீளவாக்கில் ஏறக்குறைய 5,670 புள்ளிகள் கிடைக்கும். பிரிண்டில் அங்குலத்துக்கு 300 என்று வகுத்தால் 19 அங்குலம். இதற்கு மேல் பெரிதாக்கினால் கூடுவது விவரமல்ல, ஃபிலிமின் துகள்களான மணிகள்தான். டிரை-எக்ஸ் என்ற கறுப்பு வெள்ளை ஃபிலிமை ஐஎஸ்ஓ 1600-க்கு இழுத்து, அதாவது கூடுதல் நேரம் கழுவிய படத்தில் அந்த மணிகளே அழகு என்பதால் மென்பொருளால் வழித்தெடுக்காதீர்கள். 16-பிட் டிஃப் (TIFF) கோப்பாகச் சேமித்து, தூசியை மட்டும் துடையுங்கள்.

காலம் தாங்கும் பிரிண்ட் என்று சொல்லி விற்க வேண்டுமானால் அமிலமில்லாத, முழுப் பருத்தித் தாளும் நிறமி மையும் வேண்டும். பளிச்சென்ற வெண்மைக்காக ரசாயனம் சேர்த்த தாள்கள் நாளடைவில் மஞ்சளடிக்கும். இருட்டறையில் போடுவதென்றால் ஃபைபர் தாளில் வெள்ளி ஜெலட்டின் பிரிண்ட். படத்தை நிலைநிறுத்தும் ரசாயனமான ஹைப்போ முழுதும் போகும் வரை ஓடும் நீரில் ஒரு மணி நேரமாவது கழுவ வேண்டும். அவசரப்பட்டால் சில ஆண்டுகளில் கறை எழும்பி வாங்கியவரிடமிருந்து கடிதம் வரும்.

ஆறாம் படி: எண், விலை, விற்பனை

ஓர் அளவுக்கு எத்தனை பிரிண்ட் என்பதை முதல் பிரிண்ட் விற்பதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். 50 என்று சொன்னால் ஐம்பதுதான். 51-வது பிரிண்ட் முந்தைய ஐம்பது பேரையும் ஏமாற்றுவது. வெள்ளை ஓரத்தில் பென்சிலால் எண்ணும் கையெழுத்தும் இடுங்கள். எண்கள் தீரத் தீர விலையை ஏற்றுவது வழக்கம்.

கேலரிகள் பெரும்பாலும் விலையில் பாதியை எடுத்துக்கொள்ளும். அதைக் கணக்கில் வைத்தே விலை சொல்லுங்கள்; உங்கள் இணையதளத்தில் கேலரியைவிட மலிவாக விற்காதீர்கள். ராக் படங்களுக்கென்றே இயங்கும் கேலரிகள் உண்டு. 1969-ல் லாஸ் ஏஞ்சல்ஸின் மலிவு விடுதி ஒன்றில், வரவேற்பாளர் நகர்ந்த நேரம் பார்த்து டோர்ஸ் குழுவை உள்ளே ஓடவிட்டு ஆல்பத்தின் அட்டைப்படத்தை எடுத்தார் ஹென்றி டில்ட்ஸ். அந்த விடுதியின் பெயரிலேயே, அவரும் சேர்ந்து 2001-ல் நியூயார்க்கில் தொடங்கியதுதான் மாரிசன் ஹோட்டல் கேலரி.

அனுப்பும்போது பிரிண்டை அமிலமில்லாத மெல்லிய தாளில் சுற்றி, அகலமான குழாயில் தளர்வாக வையுங்கள். ஒல்லிக் குழாயில் வைத்தால் பருத்தித் தாள் விரியாது. மூடி ஒட்டுவதற்கு முன், 7/50, அதாவது ஐம்பதில் ஏழாவது, யாருக்கு, எந்தத் தேதியில், என்ன விலைக்குப் போனது என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதிவிடுங்கள்.